மூன்று நாள் பாரிஸ்: ரயிலா, பஸ்ஸா, விமானமா?

ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்தவர்களில் பலர் முதல் ஆண்டுக்குள்ளேயே பாரிஸுக்கு ஒரு டிரிப் போட்டுவிடுவார்கள். பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறு. தேதி முடிவானதும் வாட்ஸ்அப் குழுவில் வரும் முதல் கேள்வி, "எதில் போனால் மலிவு?" பதிலும் உடனே வந்துவிடும்: இரவு பஸ்.

எனக்கு அந்தக் கேள்வியே போதவில்லை என்று தோன்றும். மூன்றே நாள் பயணத்தில் எந்த வழியை எடுத்தாலும் பணத்தைக் கொடுத்துக் களைப்பைக் குறைக்கிறோம், அல்லது களைப்பை வாங்கிக்கொண்டு பணத்தை மிச்சப்படுத்துகிறோம். களைப்பே இல்லாத வழி கிடையாது. அது எந்த நாளின் தலையில் விழுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை விழுந்தால் பாரிஸ் கெடும். திங்கட்கிழமை விழுந்தால் ஒரு லெக்சர் கெடும், அதை யாரிடமாவது நோட்ஸ் வாங்கிச் சரிசெய்துகொள்ளலாம். ஆக, இரண்டில் ஒன்று கெட்டே ஆக வேண்டுமென்றால் லெக்சரே கெடட்டும். கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் இந்தக் கணக்கில்தான் போகிறது.

முதலில் காகிதங்கள்

டி வகை விசாவோ (நீண்ட நாள் தங்குவதற்கானது) ரெசிடென்ஸ் பெர்மிட் கார்டோ கையில் இருந்தால், 180 நாளில் 90 நாள் வரை மற்ற ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள்) தனி விசா இல்லாமல் சுற்றலாம். பாஸ்போர்ட், கார்டு இரண்டையும் அசலாக எடுத்துப் போங்கள். போனில் இருக்கும் போட்டோவை நம்பிக் கிளம்ப வேண்டாம். ஷெங்கனுக்குள் யார் கேட்கப்போகிறார்கள் என்ற நினைப்பு இப்போது சரிவராது. ஜெர்மனி 2024 செப்டம்பரில் தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைக் கொண்டுவந்தது. திரும்பி வரும்போது எல்லையில் பஸ்ஸை ஓரங்கட்டி போலீஸ் ஏறுவது சகஜம்.

விசா முடிந்து, கார்டு இன்னும் வராமல், இடைக்காலத் தாளை மட்டும் வைத்திருப்பவர்கள் (ஃபிக்சியோன்ஸ்பெஷைனிகுங் என்ற அந்தப் பச்சைத் தாள்தான்) கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அதில் வகைகள் உண்டு. சில வகைகளை வைத்துக்கொண்டு நாட்டைவிட்டு வெளியே போனால் மறுபடி உள்ளே வருவது சிக்கல். வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுப் பதில் வாங்கிய பிறகு டிக்கெட்டைப் பாருங்கள்.

பிரிட்டனில் படிப்பவர்கள் கதை வேறு. அவர்களுக்குத் தனி ஷெங்கன் விசா வேண்டும். அதன் கட்டணமே 90 யூரோ, அலைச்சல் தனி. அவ்வளவும் செய்துவிட்டு மூன்று நாளில் திரும்புவதை விட, விடுமுறையில் பத்து நாள் எடுத்து நான்கு ஊர் பார்ப்பதே நியாயம். இனி வருவதெல்லாம் ஜெர்மனியிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு.

நீங்கள் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள்?

ரயிலா பஸ்ஸா என்று கேட்பதற்கு முன்பே வரைபடம் பாதி முடிவைச் சொல்லிவிடும்.

மேற்கில், தென்மேற்கில் இருப்பவர்களுக்கு பாரிஸ் பக்கத்து ஊர் மாதிரி. கார்ல்ஸ்ரூவிலிருந்து நேரடி அதிவேக ரயிலில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். ஸ்டுட்கார்ட்டிலிருந்து மூன்றேகால். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இந்த மூன்றும் பாரிஸில் கார் த லெஸ்ட் நிலையத்துக்கு வந்து சேரும். கொலோன், ஆகன் பக்கம் இருப்பவர்களுக்கு பிரஸ்ஸல்ஸ் வழியாக யூரோஸ்டார் ரயில் உண்டு. கொலோனிலிருந்து மூன்றரை மணி நேரத்துக்குள் கார் து நோர் நிலையத்தில் இறக்கிவிடும். இரண்டு நிலையங்களுக்கும் நடுவே பத்து நிமிட நடைதான்.

கிழக்கில் இருப்பவர்களுக்குக் கதை மாறுகிறது. பெர்லினிலிருந்து பாரிஸுக்கு 2024 டிசம்பரில் நேரடி ஐசிஇ (ஜெர்மனியின் அதிவேக ரயில்) தொடங்கினார்கள். பகல் நேர ரயில், சுமார் 8 மணி நேரம். ஜன்னலோரம் உட்கார்ந்து போக நன்றாகத்தான் இருக்கும், ஆனால் போக ஒரு பகல், வர ஒரு பகல் என்று மூன்றில் இரண்டு நாள் ரயிலிலேயே போய்விடும். நைட்ஜெட் என்ற படுக்கை ரயில் இந்தத் தூரத்துக்குச் சரியாகப் பொருந்தியது. ஆஸ்திரிய ரயில்வே அதை 2025 டிசம்பரில் நிறுத்திவிட்டது. ஆக பெர்லின், மாக்டெபுர்க், லைப்சிக் மாணவர்களுக்கு விமானம்தான். டிரெஸ்டன், கெம்னிட்ஸ் பக்கம் இருக்கிறவர்களிடம் நான் பாரிஸையே கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்வேன். டிரெஸ்டனிலிருந்து பிராக் ரயிலில் இரண்டரை மணி நேரம்கூட இல்லை. மூன்று நாளுக்கு அதுதான் அளவான ஊர். பாரிஸை ஒரு வாரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இரவு பஸ்: கணக்கில் ஜெயிக்கும், காலையில் தோற்கும்

பஸ்ஸுக்கு நியாயம் செய்ய வேண்டும். வியாழன் இரவு 10 மணிக்கு ஏறினால் வெள்ளி காலை 7 மணிவாக்கில் பாரிஸ். ஞாயிறு இரவு 10 மணிக்கு ஏறினால் திங்கள் காலை ஊர். பகல் நேரம் எதுவும் வீணாகவில்லை. விடுதிச் செலவும் இரண்டு இரவுக்கு மட்டும்தான். டிக்கெட் விலையும் ரயிலில் பாதியோ அதற்குக் குறைவோ இருக்கும். காகிதத்தில் எழுதிப் பார்த்தால் பஸ்ஸை அடிக்க ஆளில்லை.

வெள்ளி காலை 7 மணிக்கு நீங்கள் எந்த நிலையில் இருப்பீர்கள் என்பது அந்தக் காகிதத்தில் இருக்காது. இரவு முழுக்க ஒவ்வொரு நிறுத்தத்திலும் விளக்கு எரியும். எல்லையில் ஒருமுறை எழுப்பலாம். கால் நீட்ட இடமில்லை. கழுத்து வலியோடு பெர்சி பார்க்கை ஒட்டிய பேருந்து நிலையத்தில் இறங்குவீர்கள். விடுதியில் பையை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அறையைப் பெரும்பாலும் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் தருவார்கள். அதுவரை பல் தேய்க்காத முகத்தோடு உலகத்தின் அழகான ஊர்களில் ஒன்றைச் சுற்ற வேண்டும். மதியம் பூங்கா நாற்காலியில் கண் சொக்கும். மாலை 5 மணிக்கு அறைக்குப் போய் "அரை மணி நேரம் படுக்கிறேன்" என்று படுத்தவர் இரவு 10 மணிக்கு எழுவார். பஸ் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்தைத் தூக்கம் வட்டியோடு வாங்கிக்கொள்ளும்.

திரும்பும்போது இதே பஸ் வேறு ஆளாகிவிடுகிறது. ஞாயிறு முழுப் பகலும் மாலையும் பாரிஸில் கிடைக்கும். அறையை காலையிலேயே காலிசெய்துவிட்டுப் பையை விடுதியில் வைத்துவிட்டுச் சுற்றலாம். மூன்று நாள் நடந்த அசதியில் பஸ்ஸிலும் தூக்கம் வந்துவிடும். வராவிட்டாலும் அந்தக் களைப்பு விழுவது திங்கள் மேல்தான். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான லெக்சர்களுக்கு வருகைப்பதிவு கிடையாது. லேப் இருந்தால் மட்டும் விஷயம் வேறு, அதற்கு வருகை கட்டாயம். திங்கள் காலை லேப் உள்ளவர்கள் பஸ் தாமதத்தோடு சூதாட வேண்டாம்.

ஆகவே மேற்கில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான்: போக ரயில், வர பஸ். வெள்ளி அதிகாலை ரயிலைப் பிடித்தால் 10, 11 மணிக்கெல்லாம் ஊருக்குள். வீட்டுக் கட்டிலில் தூங்கி எழுந்த தெளிவும் கூட வரும்.

ரயில் டிக்கெட்டைக் குறைக்கும் வழிகள், அவற்றின் வில்லங்கங்கள்

ரயில் விலை ஒரு நிலையில் நிற்காது. இரண்டு மாதம் முன்பே பார்த்தால் ஒரு வழிக்கு 40 யூரோ அளவில்கூடக் கிடைக்கும். கடைசி வாரத்தில் அதே இருக்கை 100 யூரோவைத் தாண்டும். அந்த விலையில் என்றால் "போக ரயில்" என்ற என் சிபாரிசையும் தூக்கி ஓரம் வைக்க வேண்டியதுதான். தேதியை மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். வெள்ளிக்குப் பதில் சனி கிளம்பி திங்கள் திரும்பினால் விலை இறங்குவது உண்டு.

செமஸ்டர் டிக்கெட்டாக டாய்ச்லாண்ட் டிக்கெட் (ஜெர்மனி முழுக்க உள்ளூர் ரயில், பஸ்ஸில் செல்லும் பாஸ்) வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. அந்த டிக்கெட்டிலேயே உள்ளூர் ரயில்களில் ரைன் நதிக் கரையிலுள்ள கேல் வரை போய்விடலாம். கேலிலிருந்து ஸ்ட்ராஸ்பூர் நகர டிராம் டி பாதை ஆற்றைக் கடந்து அந்த ஊரின் ரயில் நிலையத்துக்கே கொண்டுபோகும். பாலம் தாண்டினால் பிரான்ஸ். அங்கிருந்து பாரிஸுக்கு டிஜிவி என்ற பிரெஞ்சு அதிவேக ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரம்தான். ஜெர்மனியிலிருந்து நேராக எடுக்கும் டிக்கெட்டை விடப் பல நாட்களில் இது மலிவாக அமையும்.

இதில் வில்லங்கம், டிக்கெட்டுகள் தனித்தனி என்பதுதான். ஒரே டிக்கெட்டில் போகும்போது முதல் ரயில் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், அடுத்து வரும் ரயிலில் ஏற்றிவிடுவது ரயில்வேயின் பொறுப்பு. ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் 50 சதவீதமும் திரும்பக் கேட்கலாம் என்பது ஐரோப்பிய ஒன்றிய விதி. தனித்தனியாக எடுத்தவருக்கு டிஜிவி போனது போனதுதான். ஜெர்மன் உள்ளூர் ரயில்களின் நேரந்தவறாமையைப் பற்றி இங்கே படிக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஸ்ட்ராஸ்பூரில் இரண்டு மணி நேர இடைவெளி வைத்துத் திட்டமிட்டால் இந்த வழி நல்ல வழி. அந்த ஊரின் பேராலயத்தை ஒரு நடை பார்த்துவிட்டும் வரலாம்.

இன்டர்ரெயில் பாஸ் எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஐரோப்பாவில் வசிக்கும் வெளிநாட்டு மாணவர்களும் அதை வாங்கலாம், 27 வயது வரை தள்ளுபடியும் உண்டு. ஆனால் பிரான்ஸின் அதிவேக ரயில்களுக்கு அதோடு கூடுதலாக இருக்கை முன்பதிவுக் கட்டணமும் கட்ட வேண்டும். ஒரே ஊருக்குப் போய்வர அது கட்டுப்படியாகாது.

பிரெஞ்சு ரயில்வே வேலைநிறுத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. அது திடீரென்று வருவதில்லை. ஓட்டுநர் போன்ற முக்கியப் பணியில் இருப்பவர்கள் 48 மணி நேரம் முன்பே அறிவிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எந்த ரயில் ஓடும், எது ஓடாது என்ற பட்டியலை முந்தின நாள் மாலையில் வெளியிடுவார்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு செய்தியைப் பார்த்தால் போதும்.

விமானம்

ஸ்டுட்கார்ட்டிலிருந்தோ கொலோனிலிருந்தோ விமானத்தில் போவதில் எனக்கு உடன்பாடில்லை. பறப்பது ஒன்றேகால் மணி நேரம்தான். அதற்கு முன்னும் பின்னும் வருவதைக் கூட்டுங்கள்: வீட்டிலிருந்து விமான நிலையம், அங்கே ஒன்றரை இரண்டு மணி நேரம், இறங்கி வெளியே வர அரை மணி, ஆர்இஆர் பி என்ற புறநகர் ரயிலில் நகருக்குள் இன்னும் அரை மணிக்கு மேல். ஐந்து மணி நேரம் ஓடிவிடும். அந்த நேரத்தில் ரயில்காரர் பாரிஸில் மதியச் சாப்பாட்டையே முடித்திருப்பார்.

மிக மலிவான டிக்கெட் கண்ணில் பட்டால் முதலில் விமான நிலையத்தின் பெயரைப் படியுங்கள். பாரிஸ் போவே என்று போட்டிருந்தால் அது பாரிஸே இல்லை, நகரத்திலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். பஸ் கட்டணத்தைச் சேர்த்தால் மலிவு என்ற பேச்சே காணாமல் போகும். மலிவு விமானங்களில் இருக்கைக்கு அடியில் அடங்கும் சின்னப் பை மட்டும்தான் இலவசம் என்பதும் நினைவிருக்கட்டும்.

பெர்லினிலிருந்து போகிறவர்கள் சார்ல் த கோல், ஓர்லி இரண்டில் எதற்கு டிக்கெட் கிடைத்தாலும் எடுக்கலாம். எனக்கு ஓர்லி பிடிக்கும். 2024 ஜூனிலிருந்து மெட்ரோ 14 அங்கேயே வந்துவிட்டது, அரை மணி நேரத்துக்குள் நகர நடுவில் இருக்கலாம். எந்த விமான நிலையமானாலும் நகருக்குள் வரும் ரயில் டிக்கெட் 2026 கட்டணப்படி 14 யூரோ. போகவும் வரவும் 28. டிக்கெட் விலையை ஒப்பிடும்போது இந்த 28ஐச் சேர்க்காமல் ஒப்பிட வேண்டாம். விமானம் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, தவறு நிறுவனத்தின் பக்கம் இருந்தால், 1500 கிலோமீட்டருக்கு உட்பட்ட பயணத்துக்கு 250 யூரோ இழப்பீடு உண்டு.

எங்கே தங்குவது: ஹாஸ்டல், புறநகர், சொந்தக்காரர் வீடு

ஹாஸ்டல் என்றால் 10ஆம் வட்டாரத்தைச் சொல்வேன். கார் த லெஸ்ட், கார் து நோர், சான் மார்த்தான் கால்வாய் எல்லாம் அங்கேதான். ரயிலில் இறங்கி நடந்தே போய்ப் பையை வைத்துவிடலாம். பொதுப்படுக்கை அறையில் சத்தம் இருக்கும், காதடைப்பான் எடுத்துப் போங்கள். நகர வரி என்று ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தனியாகக் கேட்பார்கள், அது ஏமாற்று அல்ல.

புறநகரில் தனி அறை அதே விலைக்குக் கிடைக்கும் என்பது கவர்ச்சியான யோசனைதான். இருவர் பங்கு போட்டால் இன்னும் மலிவு. ஆனால் ஒவ்வொரு நாளும் போக முக்கால் மணி, வர முக்கால் மணி. அதைவிடப் பெரிய இழப்பு, நடுப்பகலில் ஒரு மணி நேரம் அறைக்குப் போய்க் கால் நீட்டிவிட்டு மறுபடி கிளம்பும் வசதி போய்விடுகிறது. சின்னப் பயணத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் மாலையைக் காப்பாற்றும்.

மூன்றாவது வழி நம்மவர்களுக்கே உரியது. பாரிஸிலும் அதன் வடக்குப் புறநகர்களிலும் ஈழத் தமிழர்கள் நிறைய இருக்கிறார்கள். லா கூர்நெவ், பொபினி பக்கம் யாருக்காவது ஒரு சித்தியோ, அண்ணாவின் நண்பரோ இருப்பார். தங்க இலவசம், சாப்பாடு அருமை. ஆனால் காலை 8 மணிக்குக் கிளம்ப விடமாட்டார்கள், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இரவு 9 மணிக்கு "இன்னும் வரேல்லையே" என்று போன் வரும். ஞாயிறு மதியம் விருந்து என்றால் அந்த நாள் அதோடு சரி. பாரிஸைப் பார்க்கப் போகிறீர்களா, சித்தியைப் பார்க்கப் போகிறீர்களா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டும் நல்ல காரணங்களே. சித்திக்கு ஒரு மாலையை முழுசாக ஒதுக்கிவிட்டு இரவு ஹாஸ்டலுக்குத் திரும்புவதுதான் இருவருக்கும் நிம்மதி.

மெட்ரோவுக்குப் பாஸ் வேண்டுமா?

அநேகமாக வேண்டாம். 2026இல் மெட்ரோ ஒரு பயணம் 2.55 யூரோ, ஒரு நாள் பாஸ் 12.30. ஒரே நாளில் ஐந்து முறை ஏறினால்தான் பாஸ் லாபம். பாரிஸ் அவ்வளவு பெரிய ஊர் இல்லை. நோத்ர தாம் பேராலயத்திலிருந்து லூவ்ர் அருங்காட்சியகம் ஒன்றரை கிலோமீட்டர், அங்கிருந்து ஆற்றைத் தாண்டினால் ஓர்சே அருங்காட்சியகம். இந்த ஊரில் பார்க்க வேண்டியதில் பாதி நடக்கும் வழியில்தான் இருக்கிறது. 2 யூரோ கொடுத்து நவிகோ ஈசி என்ற பயண அட்டையை வாங்கிப் பயணங்களை ஏற்றிக்கொண்டால் போதும், போனிலேயே ஏற்றினால் அதுவும் தேவையில்லை.

வாரப் பாஸ் 32.40 யூரோ, விமான நிலையப் பயணமும் அதற்குள் அடக்கம். விமானத்தில் வருபவருக்கு அந்த 28 யூரோவோடு ஒப்பிட்டால் இது அள்ளிக்கொடுத்த மாதிரி. ஆனால் அது திங்கள் முதல் ஞாயிறு வரைக்கான பாஸ், அந்த வாரத்துக்கானதை வியாழக்கிழமைக்குள் வாங்கியாக வேண்டும். வெள்ளி காலை வந்து கேட்டால் அடுத்த வாரத்துக்குத்தான் தருவார்கள். போனில் வியாழனே வாங்கிவைத்தால் தப்பிக்கலாம்.

25 வயதா, 26 வயதா?

மொத்தச் செலவை எதையும் விட அதிகமாக மாற்றுவது உங்கள் பிறந்த தேதிதான். 26 வயது நிரம்பாதவர்கள், ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பதற்கான பெர்மிட் வைத்திருந்தால், லூவ்ர், ஓர்சே, வெர்சாய் அரண்மனை, வெற்றி வளைவு, சான்த் சாப்பல் தேவாலயம் எல்லாவற்றிலும் இலவசமாக நுழையலாம். ஐரோப்பியக் குடியுரிமை தேவையில்லை. கார்டைக் காட்டினால் போதும். இது தெரியாமல் பலர் மியூசியம் பாஸை வாங்கிவிடுகிறார்கள். இந்த வயதுக்காரர்களுக்கு அது வெட்டிச் செலவு.

26 நிரம்பியவர்கள் கட்ட வேண்டும். அதிலும் லூவ்ரில் 2026 ஜனவரி 14 முதல் இரண்டு விலை. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வசிப்பவருக்கு 22 யூரோ, வெளியிலிருந்து வருபவருக்கு 32. பாஸ்போர்ட் நிறத்தைப் பார்த்து நீங்களாகவே 32ஐ அழுத்திவிட வேண்டாம், பெர்மிட் இருந்தால் 22தான். ஓர்சே ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம். லூவ்ர் ஜூலை, ஆகஸ்ட் தவிர்த்து மாதத்தின் முதல் வெள்ளி மாலை 6 மணிக்கு மேல் இலவசம். 26 தாண்டியவர் மாதத்தின் முதல் வெள்ளியும் முதல் ஞாயிறும் ஒரே வார இறுதியில் விழுகிற மாதமாகப் பார்த்துக் கிளம்பினால் இரண்டையும் காசில்லாமல் பார்த்துவிடலாம். கூட்டம் இருக்கும், அது இலவசத்தின் விலை.

லூவ்ரா, ஓர்சேயா?

ஒன்றே ஒன்று என்றால் நான் ஓர்சேயைத்தான் சொல்வேன். லூவ்ரில் காட்சிக்கு இருப்பவை மட்டும் 35,000 அளவில். அதை ஒரு நாளில் பார்ப்பது யாராலும் ஆகாது. முக்கால்வாசிப் பேர் நேராக மோனா லிசாவிடம் போவார்கள். 77 சென்டிமீட்டர் உயரம், 53 அகலம், கண்ணாடிக்குப் பின்னால் சின்னதாக ஒரு படம். நடுவே நூறு போன்கள். அதே அறையில் எதிர்ச் சுவரில் வெரோனெஸெ வரைந்த கானா ஊர்த் திருமண விருந்து இருக்கிறது, கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலம், லூவ்ரிலேயே பெரிய ஓவியம். எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள்.

ஓர்சே 1900 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ரயில் நிலையம், 1986இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். மூன்று மணி நேரத்தில் நிதானமாகப் பார்த்து முடிக்கும் அளவு. வான்கோவின் ரோன் நதி மேல் நட்சத்திர இரவு, மனேயின் ஒலிம்பியா, மோனேயின் நிலக்காட்சிகள், தெகாவின் சின்ன நடனக்காரி எல்லாம் அங்கே. ஓவியத்தில் ஈடுபாடு இல்லாதவரைக்கூட அந்தக் கட்டடமும் அதன் பெரிய கடிகாரமும் பிடித்து நிறுத்திவிடும். களைப்புக் கணக்கிலும் ஓர்சே குறைவு.

26 வயதுக்கு உட்பட்டவர் என்றால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். காசு போகவில்லை என்பதால் லூவ்ரை "முடிக்க" வேண்டிய கட்டாயமும் இல்லை. வெள்ளிக்கிழமை இரவு 9 மணி வரை திறந்திருக்கும். மாலை 6 மணிக்குப் போய் ஹம்முராபியின் சட்டக் கல், கோர்சபாத்தின் சிறகு முளைத்த காளைகள், படிக்கட்டு உச்சியில் தலையில்லாமல் நிற்கும் வெற்றித் தேவதை, இவ்வளவோடு வந்துவிடுங்கள். லூவ்ர் செவ்வாய் விடுமுறை, ஓர்சே திங்கள் விடுமுறை. பாம்பிடூ மையம் 2025இலேயே மூடிவிட்டார்கள், 2030 வரை பராமரிப்பு வேலை.

பட்டியல்களில் அதிகம் வராத ஓர் இடமும் உண்டு. ஈபிள் கோபுரத்திலிருந்து நடக்கும் தூரத்தில் கிமே என்ற ஆசியக் கலை அருங்காட்சியகம், அங்கே சோழர் காலத்து நடராசர் வெண்கலச் சிலை இருக்கிறது. நின்று பாருங்கள். அது அங்கே இருப்பதைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அது உங்கள் பாடு.

வெர்சாய் வேண்டாம். இலவசமாக இருந்தாலும் வேண்டாம். போகவர, வரிசை, தோட்டம் என்று அரை நாளுக்கு மேல் போய்விடும்.

ஈபிள் கோபுரத்தில் ஏறுவதா, கீழிருந்து பார்ப்பதா? மேலே போனால் பாரிஸ் முழுக்கத் தெரியும், ஈபிள் மட்டும் தெரியாது. இங்கே 26 வயதுச் சலுகையும் கிடையாது. ஏறியே ஆக வேண்டும் என்பவர்களுக்குப் படிக்கட்டு டிக்கெட் மலிவு, இரண்டாம் தளம் வரை 674 படிகள். நான் என்றால் வெற்றி வளைவின் 284 படிகளை ஏறி, பன்னிரண்டு சாலைகள் வந்து கூடுவதையும் ஈபிளையும் சேர்த்துப் பார்ப்பேன். இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் கோபுரம் மினுக்கும், அதற்குக் காசில்லை. 2019 தீ விபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் திறந்த நோத்ர தாமுக்கும் நுழைவு இலவசம். நேரத்தை இணையத்தில் முன்பதிவு செய்யலாம், இரண்டு நாள் முன்பிருந்துதான் கிடைக்கும்.

சாப்பாடு

மதியத்துக்கு பேக்கரி சாண்ட்விச், இரவுக்கு லா ஷபேல் என்ற தமிழ்க் கடைத்தெருப் பகுதி. கார் து நோர் நிலையத்துக்குப் பின்னால், ஃபோபூர் சான் தெனி தெருவில் நடந்தால் தோசை, கொத்து ரொட்டி, தமிழில் எழுதிய பெயர்ப் பலகைகள். மற்ற உணவகங்களில் தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டியதில்லை, "கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகவே வைக்க வேண்டும்.

எதை முதலில் புக் செய்வது

எல்லோரும் ரயிலில் தொடங்குவார்கள். நான் லூவ்ரில் தொடங்கச் சொல்வேன். இலவச டிக்கெட்டுக்கும் நேர முன்பதிவு தேவை, வெள்ளி மாலை நேரங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். அந்த வார வெள்ளியில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அன்றே வெள்ளி காலை ரயிலை எடுங்கள், அப்புறம் ஹாஸ்டல். ஞாயிறு இரவு பஸ்ஸை அவசரமாக எடுக்க வேண்டாம். அதன் விலை ரயில் போல ஏறுவதில்லை, திங்கள் அட்டவணையில் பேராசிரியர் ஏதாவது மாற்றம் செய்கிறாரா என்று பார்த்துவிட்டு எடுத்தாலும் பெரிதாக நஷ்டமில்லை.